ஆறாம் இன்னிங்ஸில் அவளை இறக்கியது யார்?

கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று விட்டுப் பார்த்தேன். ஆறுகிற மாதிரித் தெரியவில்லை. வெங்காயம் வெட்டும்போதும் வருகிறது, சிவப்பு விளக்கில் காரை நிறுத்தும்போதும் வருகிறது. ஆகவே சூட்டோடேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ரீம் ஒரு பேஸ்போல் ரீம். இதைச் சொன்னதும் கேட்கிறவருக்கு ஒரு சிரிப்பு வரும். "தமிழரின்ர பேஸ்போலா அக்கா?" ஓம், தமிழரின்ர பேஸ்போல்தான். டண்டினொங் என்கிற புறநகரில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு பழைய கிளப் இருக்கிறது. அதன் ஆகக் கடைசித் தர அணிக்கு ஆள் கிடைக்காமல் மூடப் பார்த்தார்கள். எங்கள் கப்டனுக்கு வீடு பக்கத்து ரோவிலில். வேலைத்தலத்துச் சினேகிதன் ஒருவனோடு அந்தக் கிளப்புக்குப் போனவர், திரும்பி வந்து பழைய கிறிக்கெற் ஆட்களை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னார்: "குளிர்காலத்தில மட்ச் இல்லை எண்டு எல்லாரும் வீட்டில இருந்து வண்டி வயிறுதானே வளக்கிறியள்? வாங்கோ, இதை விளையாடுவம்." அப்படிச் சேர்ந்த கூட்டம் இது.

என் மனுசன் ரைட் ஃபீல்டில், அதாவது வலப்பக்கத் தூரத்தில், நிற்பவர். அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, குளிரில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க ஏலாமல் நான் ஸ்கோர் எழுதப் பழகினேன். யாரும் சொல்லித்தரவில்லை. ஃபோனில் வீடியோ பார்த்தேன், பிழைவிட்டேன், அம்பயரிடம் ஏச்சு வாங்கினேன், அப்படியே பழகிவிட்டது. ஸ்கோர் எழுதுகிறவரே சீசன் முடிய விமர்சனமும் எழுதவேண்டும் என்பது அந்தக் கிளப்பின் வழக்கம். அணி எப்படி ஆடியது, யார் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு பக்கம். மேல் அணிகளின் கோச்மார் அதை வாசித்துத்தான் அடுத்த சீசனுக்கு யாரைப் பயிற்சிக்குக் கூப்பிடலாம் என்று முடிவெடுப்பார்கள். கடைசித் தரத்து ஆட்டங்களைப் பார்க்க அவர்கள் வருவதில்லை. பேப்பரை மட்டும் பார்ப்பார்கள்.

நாங்கள் அதில் எங்கள் வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டோம். முதலில் நான் தமிழில் எழுதுவேன். கப்டன் வீட்டுக் கராஜில் எல்லோரும் கூடுவோம். ரோல்ஸும் பற்றிஸும் தேத்தண்ணியும் இருக்கும். நான் எழும்பி வாசிப்பேன். ஒவ்வொருவருக்கும் ஒரு வரியாவது உண்டு, எவ்வளவு குத்தினாலும் வாசித்து முடியும்வரை எதிர்த்துக் கதைக்கக்கூடாது. எனக்கு ஆட்கள் வாய்க்குள் முணுமுணுக்கிறதைப் பிடித்துவைப்பதில் ஒரு ஆசை. பெஞ்சில் இருந்து யார் என்ன சொன்னாலும் விடமாட்டேன், எல்லாம் விமர்சனத்துக்குள் வந்துவிடும்.

இந்தச் சீசனுக்கு நான் எழுதியதில் கொஞ்சம் சொல்லுகிறேன்.

கட்சர், அதாவது அடிக்கிறவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிறவர், பஸ் ஓட்டுகிற ஆள். "இவர் குந்தினால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். ஆனால் இவரைத் தாண்டி ஒரு பந்தும் போகாது, போக இடமில்லை" என்று எழுதினேன். நடுவில் நிற்கிற சகோதரர்கள் இருவருக்கும் இடையில் பந்து விழுந்த நேரங்களில், "உன்ர!" என்று அண்ணனும் "உங்கட!" என்று தம்பியும் கத்திக்கொண்டு நின்றார்கள். "மரியாதை குறையாமல் தோற்றோம்" என்று எழுதினேன். என் மனுசனுக்கு: "பந்து இவரைத் தேடி வந்தது. இவர் வீட்டில் இல்லை." அன்று முழுக்க மனுசன் என்னோடு கதைக்கவில்லை, ஆனால் ரோல்ஸ் மட்டும் என் கோப்பையில் இருந்துதான் எடுத்தார்.

கிறிக்கெற் எங்கள் உடம்பை விட்டுப் போக மறுத்தது. முதல் மட்சில் கப்டன் பந்தை அடித்துவிட்டு, கீழே போடவேண்டிய மட்டையோடேயே ஓடிப்போய், தொடவேண்டிய முதல் மூலையான முதல் பேஸில் அதைக் குத்தினார். "வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறாயா?" என்று அம்பயர் கேட்டார். இன்னொரு நாள் அண்ணன் அடித்துவிட்டு, கையை உயர்த்தி "நில்லு, நில்லு!" என்று கத்தினார். யாரை நிற்கச் சொன்னார்? எதிர்ப்பக்கத்தில் ஓடுவதற்கு ஒருவரும் இல்லை. பேஸ்போலில் அடித்தால் ஓடத்தான் வேண்டும். இதெல்லாம் சிரித்துக் கடந்த பிழைகள்.

இப்படிப்பட்ட ரீம் அரையிறுதிக்குப் போனதென்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான். எங்கள் பிற்சர். மேட்டில் நின்று பந்து எறிகிறவள்.

கடைசித் தரத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடலாம். அவள் மன்னார்ப் பிள்ளை, முப்பதைத் தாண்டியவள். பள்ளிக்கூடத்தில் ஈட்டி எறிந்த கை. இங்கே டண்டினொங்கில் பொதி கட்டுகிற இடத்தில் வேலை. அங்கே அவளோடு நின்ற தாய்வான்காரப் பெட்டை ஒருத்தி, சாப்பாட்டு நேரத்தில் கார் நிறுத்துமிடத்தில் வைத்து, பேஸ்போல் பந்தை எப்படிப் பிடிப்பது, எப்படி வளைப்பது என்று காட்டிக்கொடுத்திருக்கிறாள். விசா முடிந்து அந்தப் பெட்டை ஊருக்குப் போனபிறகு, எறிவதற்கு ஆளில்லாமல் தேடித்தான் இவள் எங்களிடம் வந்தாள். மட்சுக்காக ஞாயிறு தேவாலயப் பூசையைச் சனி பின்னேரத்துக்கு மாற்றிக்கொண்டாள். நான் கேட்டதற்கு, "நேரம் மாத்தினதுக்கு ஆண்டவர் கோவிக்கவே போறார் அக்கா?" என்றாள்.

எதிர் அணிக்காரர் முதலில் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். மூன்றாவது பந்துக்குப் பிறகு சிரிப்பு நின்றுவிடும். பந்து நேரே வருகிற மாதிரி வந்து, மட்டைக்குக் கிட்ட வந்ததும் வேறு அலுவல் நினைவு வந்த மாதிரி கீழே போகும்.

அவளுக்கு ஒரே ஆசைதான். அதே கிளப்பில் கோடைகாலத்துக்குப் பெண்களின் முதல் அணி ஒன்று இருக்கிறது, நல்ல உயர்ந்த தரம். அதற்குப் போகவேண்டும். "இந்த வருசம் இல்லாட்டி இனி இல்லை அக்கா. மனம் வந்தாலும் அடுத்த வருசம் தோள் என்னோட வராது" என்றாள். அந்த அணியின் கோச் எங்கள் விமர்சனத்தைத்தான் வாசிக்கப்போகிறா என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கப்டனுக்கும் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கோ.

அரையிறுதி. ஆட்டம் ஏழு இன்னிங்ஸ், அதாவது ஏழு சுற்று. ஐந்து முடிய நாங்கள் இரண்டு ஓட்டம் முன்னால். அவள் நன்றாக எறிந்துகொண்டிருந்தாள். ஆறாவது தொடங்கும்போது கப்டன் மேட்டுக்கு நடந்துபோனார்.

"பிள்ளை, நீ கொஞ்சம் ரெஸ்ற் எடு. இவன் இதை எறியட்டும். கடைசிக்கு உன்னை வைச்சிருக்கிறன்."

"எனக்கு ரெஸ்ற் வேண்டாம் அண்ணை. கை நல்லா இருக்கு."

"எனக்கு விளங்கும். பந்தைத் தா."

இவன் என்றது கப்டனுடைய மச்சானை, மனுசியின் தம்பியை. சிட்னியில் இருந்து புதிதாக மாறி வந்தவன், அங்கே கிறிக்கெற்றில் வேகப்பந்து போட்டவன். நாங்கள் அவனைச் சிட்னி என்றே கூப்பிடுவோம்.

கப்டனின் மண்டைக்குள் என்ன ஓடியது என்று எனக்கு அப்படியே தெரிந்தது. கிறிக்கெற்றில் நல்ல பந்துவீச்சாளரைக் கொஞ்சம் ஒளித்துவைத்து, கடைசி ஓவர்களுக்கு வெளியே எடுப்பார்கள். அதைத்தான் மனுசன் செய்கிறார். ஆனால் எங்கள் லீக்கில் மேட்டில் இருந்து இறக்கிய பிற்சரை அதே ஆட்டத்தில் திரும்ப மேட்டில் ஏற்றமுடியாது. இறக்கினால் இறக்கியதுதான்.

நான் எழும்பிக் கப்டனைப் பார்த்துக் கத்தினேன். "தம்பி! மாத்தினா திரும்பப் போட ஏலாது! அம்பயரைக் கேளுங்கோ!"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் காட்டினார். "அக்கா, நீங்க எழுதுற வேலையைப் பாருங்கோ."

எழுதுகிற வேலையைப் பார்த்தேன். சிட்னி எறிந்தான். வேகம் இருந்தது, திசை இல்லை. எல்லைக்கு வெளியே நாலு பந்து போனால் அடிக்கிறவர் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போகலாம். ஒருவர் நடந்தார், இன்னொருவர் நடந்தார், மூன்றாமவரும் நடந்தார். "கோயில் சுத்துற மாதிரிச் சுத்துறாங்கள்" என்று கட்சர் முகமூடிக்குள் இருந்து முணுமுணுத்தார். பிறகு ஒருவன் உண்மையாகவே அடித்தான். எங்கள் இரண்டு ஓட்டமும் போய், அதற்கு மேலும் போனது.

கப்டன் ஓடிவந்து, மேட்டில் இருந்து இறக்கி லெஃப்ற் ஃபீல்டில் நிறுத்தியிருந்த அவளைக் கை காட்டிக் கூப்பிட்டார். அவள் பந்தை வாங்கக் கையை நீட்டினாள். அம்பயர் தலையை ஆட்டினார். கப்டன் வாதாடினார், விதிப் புத்தகம் வந்தது, வாதாட்டம் முடிந்தது. சீசனும் முடிந்தது.

தோற்றதற்கு எனக்குக் கோபமில்லை. நாங்கள் தோற்காத ஆட்களா?

கராஜில் விமர்சனம் வாசித்த அன்று கப்டனுக்கும் ஒரு பத்தி இருந்தது: "கப்டன் அரையிறுதியில் பேஸ்போலுக்குள் கடைசி ஓவரைத் தேடினார். அது அங்கே இல்லை. நன்றாக எறிந்துகொண்டிருந்த பிற்சரை, வேண்டாம் என்று அவள் சொல்லியும் இறக்கினார். விதியைக் கேட்கவில்லை." பிற்சருக்கு எழுதியது: "இந்த அணி வென்ற ஒவ்வொரு ஆட்டமும் இவள் கையால் வென்றது. பெண்களின் முதல் அணிக்கு இவளைக் கூப்பிடாவிட்டால் நட்டம் அவர்களுக்கு."

கராஜ் அதிர்ந்தது. சிரிப்பென்றால் அப்படிச் சிரிப்பு. கட்சருக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது. கப்டனும்தான் சிரித்தார். "அக்கா, நல்லாச் சாத்திப்போட்டியள்" என்று கைதட்டினார். பிறகு, "இங்கிலிஷில நான் போட்டு கிளப்புக்கு அனுப்புறன். நீங்க ஏன் கஷ்டப்படுறியள்?" என்றார். எனக்கு இங்கிலிஷ் கதைக்க வரும். எழுதக் குந்தினால் ஒரு பின்னேரம் போய்விடும். ஒவ்வொரு வருசமும் அவர்தான் போட்டு அனுப்புவார். கொடுத்தேன்.

கிளப்பின் பரிசளிப்பு ஒரு ஞாயிறு மத்தியானம். வெளியே சொசேஜ் சுடுகிறார்கள், உள்ளே கதிரைகள் நிரம்பிவிட்டன. பெண்கள் அணிக் கோச்தான் அன்று மைக்கில். வயதான, வெயிலில் முகம் காய்ந்த வெள்ளைக்கார மனுசி. ஒவ்வொரு அணியின் விமர்சனத்தில் இருந்தும் கொஞ்சம் வாசித்தா. எங்களுடையது வந்தது. பிற்சர் எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

கோச் வாசித்ததைத் தமிழில் சொன்னால் இப்படி: "அரையிறுதியில் எங்கள் பிற்சர் ஆறாம் இன்னிங்ஸில் களைத்துப்போய், தன்னை இறக்கும்படி கேட்டுக்கொண்டார். நல்ல முயற்சி. பொழுதுபோக்குத் தரத்துக்கு மிகவும் பொருத்தமானவர். மேல் அணிகள் கவனிக்கவேண்டியவர், சிட்னியில் இருந்து வந்த எங்கள் வேகமான எறிகாரர்." கடைசியில், எழுதியவர் அணியின் ஸ்கோரர் என்று வாசித்து, என்னைத் தேடிப் பார்த்துப் புன்னகைத்தா.

எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் ஆட்களும்தான்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அக்கா, நான் எப்ப கேட்டனான்?"

"பிள்ளை, அது நான் எழுதினதில்லை" என்றேன். அவள் கராஜில் இருந்தவள், அவளுக்கும் தெரியும். தெரிந்தும் என்ன? அந்த மண்டபம் முழுக்க இப்போது வேறொன்றை அல்லவா கேட்டுவிட்டது.

கப்டனைச் சொசேஜ் சுடுகிற இடத்தில் பிடித்தேன். கையில் பாணும் சொசேஜும்.

"என்ன வேலை தம்பி இது?"

"அக்கா, மெதுவாக் கதையுங்கோ."

"ஏன் மெதுவா? களைச்சுப்போச்சு எண்டு அவளோ சொன்னவள்? இறக்கச் சொல்லி அவளோ கேட்டவள்?"

"நீங்க எழுதினதை அப்பிடியே இங்கிலிஷில போட ஏலுமே? நாங்கள் எங்களுக்குள்ள பகிடி விடுறது வேற. வெள்ளைக்காரனுக்கு முன்னால, தமிழ் ரீமின்ர கப்டனுக்கு விதி தெரியாது எண்டு நானே எழுதிக் குடுக்கவோ? எங்கட மானம் என்னாகிறது?"

"ஆற்ற மானம்?"

"எல்லாற்றையும்தான்."

"அவள் எல்லாருக்குள்ளையும் இல்லையோ?"

கப்டன் பாணைக் கடித்தார். எனக்கு அந்தப் பாணைப் பறித்து எறியவேண்டும் போல இருந்தது. மென்றுகொண்டே சொன்னார். "சும்மா பெரிசாக்காதேங்கோ அக்கா. விளையாட்டுத்தானே. அடுத்த வருசம் வடிவா எழுதிவிடுவம்."

அடுத்த வருசமாம். அவளுடைய தோளைப் பற்றி அவருக்கு யார் சொல்லுவது?

திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் முழுப்பேரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். கராஜில் மூக்கால் தேத்தண்ணி விட்டவர் வந்து, "அக்கா, விடுங்கோ. சாப்பாடு ஆறுது" என்றார். சகோதரர்கள் இருவரும் ஃபோனைப் பார்த்தார்கள். என் மனுசன் கையைப் பிடித்து, "வீட்டை போய்க் கதைப்பம்" என்றார். வீட்டில் போய் என்னத்தைக் கதைக்கிறது? கோச் இருக்கிறது இங்கே அல்லவா?

என்னை எரிக்கிறது இதுதான். கப்டன் ஒருவர் பொய் எழுதினார். மற்றவர்கள் தமிழில் உண்மையைக் கேட்டு வயிறு நோகச் சிரித்தார்கள், அதே ஆட்கள் இங்கிலிஷில் பொய்யைக் கேட்டு மரியாதையாகக் கைதட்டினார்கள். எங்களுக்குள் என்றால் எவ்வளவும் உண்மை சொல்லலாமாம். படலையைத் தாண்டினால் எல்லோருமாகச் சேர்ந்து ஒருத்தியை மிதித்துக்கொண்டு நேராக நிற்பார்களாம்.

சிட்னி மட்டும் பின்னால் வந்து, "அக்கா, எனக்கே வெக்கமா இருக்கு" என்றான். "அப்ப போய்ச் சொல்லு" என்றேன். தலையைச் சொறிந்தான். போகவில்லை. அடுத்த கிழமை ஆண்களின் மேல் அணிப் பயிற்சிக்குக் கூப்பிட்டபோது மட்டும் போனான்.

நான் கோச்சிடம் போனேன். என் இங்கிலிஷ் கோபத்தில் இன்னும் உடையும். உடைந்ததோடேயே முழுவதையும் சொன்னேன். அவள் கேட்கவில்லை, அவர் இறக்கினார், நான் அப்படி எழுதவில்லை. மனுசி பொறுமையாகக் கேட்டா. பிறகு சொன்னா: "பேப்பர் உங்கள் அணியில் இருந்து வந்தது. உங்கள் ஆட்களே எழுதியதை நான் எப்படி நம்பாமல் விடுவது? அணியைத் தெரிவு செய்து சொல்லியும்விட்டேன். வேண்டுமென்றால் அவள் வந்து, பயிற்சியில் எங்கள் ஆட்கள் அடித்துப் பழக எறியட்டும்." அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதனால்தான் இன்னும் எரிந்தது.

அவளிடம் போய்ச் சொன்னேன். சிரித்தாள், வாய் மட்டும்.

"பந்து எறியிற மெசின் அவையிட்ட இருக்குத்தானே அக்கா. மெசினை விட நான் மலிவெண்டோ?"

ஆனாலும் போனாள். செவ்வாய்க்கிழமைகளில், உடுப்பும் இல்லாமல் நம்பரும் இல்லாமல், மற்றவர்கள் அடித்துப் பழக எறிந்தாள். கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் ஃபோன் எடுத்து, "அக்கா, கேரம் டவுன்ஸ் பக்கம் இன்னொரு கிளப்புக்குப் போய் நானே கேட்டனான். எறிஞ்சு காட்டு எண்டவை. எறிஞ்சனான். எடுத்திட்டினம்" என்றாள். அங்கே அவளைப் பற்றி ஒருவரும் ஒரு வரியும் எழுதிக் கொடுக்கவில்லை. அதே பெண்கள் லீக், அதே தரம். வேலை முடிந்து பயிற்சிக்குப் போய்வர அவளுக்கு நேரம் இரட்டிப்பாகப் போகிறது. அந்த அலைச்சலுக்கும் கப்டன்தான் பொறுப்பு என்று நான் நினைக்கிறேன், இதை எழுதி முடிக்கும்வரையும் அப்படியே நினைப்பேன்.

சீசன் தொடங்கிக் கொஞ்சக் காலத்தில் அவளுடைய புது அணி எங்கள் பழைய கிளப்போடு ஆட டண்டினொங்குக்கு வந்தது. நான் விருந்தாளி அணியின் பக்கக் கம்பிவேலிக்குப் பின்னால், நிலத்தில் துணியை விரித்து, பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தேன். கப்டன் குடும்பத்தோடு வந்தார். கோயிலுக்குப் போய்விட்டு வந்த விபூதி நெற்றியில். மடிக்கிற கதிரையைக் கொண்டுவந்து சரியாக எனக்கு முன்னால் விரித்தார். பழைய கிளப் ஆள் ஒருவரைக் கூப்பிட்டு, மேட்டில் நின்றவளைக் காட்டி இங்கிலிஷில் சொன்னார்: "அவள் எங்கள் பிள்ளை. எங்கள் ரீமில் நாங்கள் வளர்த்தெடுத்த பிள்ளை." படம் எடுத்து எங்கள் ரீம் வட்ஸ்அப் குழுவில் போட்டார். என் ஃபோனுக்கும் வந்தது. கீழே, "எமது அணி உருவாக்கிய வீராங்கனை" என்று எழுதி, கைகூப்பு வேறு. ஒருவருக்குப் பின் ஒருவராக எல்லோரும் கைதட்டுப் படம் போட்டார்கள்.

என்ன சொல்லி ஏசலாம் என்று நான் வாய்க்குள் சொற்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது, அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தத் தொடங்கினார்.

"நிதானம் பிள்ளை, நிதானம்! கீழ போடு! அவசரப்படாத!"

அவள் அடுத்த பந்தை எறியவில்லை. அம்பயரிடம் கையைக் காட்டி நேரம் கேட்டாள். மேட்டில் இருந்து இறங்கி, எல்லோரும் பார்த்திருக்க, வேலிவரை நடந்து வந்தாள். சத்தம் போடவில்லை. அவளுக்கு அந்த நேரமும் மரியாதை குறையவில்லை.

"அண்ணை, நீங்க இதில நிண்டு கதைச்சா நான் எறிய மாட்டன். அங்கால போங்கோ."

"நான் உனக்கு சப்போட்தானே பிள்ளை பண்ணுறன்?"

"தெரியும். அங்கால போங்கோ."

அவள் திரும்பிப்போய் மேட்டில் ஏறி நின்றாள். எறியாமல் நின்றாள். அம்பயர் பார்த்தார், பழைய கிளப்பின் பெண்கள் அணிக் கோச் பார்த்தா, இரண்டு அணியும் பார்த்தது. கப்டன் சுற்றிப் பார்த்துவிட்டு, கதிரையை மடிக்கப் பார்த்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது. பாதி மடித்ததைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போகவேண்டும். வழியில் என் பை கிடந்தது.

"அக்கா, பையைக் கொஞ்சம்..." என்றார்.

நான் எடுக்கவில்லை. அவர் சுற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகுதான் அவள் எறிந்தாள்.